கிழ எலிக்கு அறுவைச் சிகிச்சையா?

“எலிக்கா? ஆபரேஷனா?”

எங்கள் வகுப்பில் இந்தப் பேச்சு எழுந்தபோது முதலில் எல்லோரும் சிரித்துவிட்டோம். நம் வீடுகளில் எலி என்றால் அரிசி மூட்டையைக் கடிப்பது, பரண்மேல் இரவெல்லாம் உருட்டுவது, புத்தகப் பையை ஓட்டையாக்குவது. தேங்காய்ச் சில்லு வைத்த பொறியும் எலிப் பாஷாணமுமே நாம் அதற்குச் செய்யும் உபசாரம். அப்படிப்பட்ட பிராணிக்கு மயக்க மருந்து கொடுத்து, கட்டியை அகற்றி, தையல் போட்டு, வலி தெரியாமலிருக்க மருந்தும் ஊட்டுவார்கள் என்றால் சிரிப்பு வராதா?

ஆனால் விஷயத்தை முழுவதும் படித்தபின் எங்கள் சிரிப்பு அடங்கிவிட்டது. ஏனெனில் இது எலியைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. நம்மை நம்பியிருக்கும் வாயில்லா உயிர் ஒன்றுக்காக நாம் முடிவெடுக்க நேர்ந்தால், எதை அளவுகோலாகக் கொள்வது என்னும் கேள்வியும் ஆகும். ஆகவே நாங்கள் அறிந்துகொண்டவற்றைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் இங்கே எடுத்துச் சொல்கிறோம்.

எலி செல்லப் பிராணி ஆன கதை

இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் பலர் எலியை ஆசையோடு வளர்க்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் நகரில் ஜாக் பிளாக் என்று ஒருவர் இருந்தார். விக்டோரியா மகாராணியாரின் எலி பிடிப்பவர் என்று அவர் தம்மைச் சொல்லிக்கொண்டார். பிடிபட்ட எலிகளில் வெள்ளையும் புள்ளியுமாக நிறம் மாறியவை இருந்தால் அவற்றைக் கொல்லாமல் வளர்த்து, குட்டிகளைப் பழக்கி, செல்லப் பிராணிகளாக விற்றார். குழந்தைகளுக்காகப் படக் கதைகள் எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார் சாமி என்ற வெள்ளெலியை வளர்த்தார். 1908ஆம் ஆண்டில் வெளியான ஒரு கதைப் புத்தகத்தை அந்த எலியின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். 1901இல் மேரி டக்ளஸ் என்ற பெண்மணியின் முயற்சியால் இங்கிலாந்தின் சுண்டெலிக் கண்காட்சிகளில் எலிகளுக்கும் இடம் கிடைத்தது. 1976இல் அந்நாட்டில் எலி வளர்ப்போருக்கென்றே தேசியச் சங்கம் ஒன்று தோன்றியது.

இந்த எலிகள் யாவும் பழுப்பு எலி என்னும் இனத்தின் வழிவந்தவை. ஆராய்ச்சிக்கூடங்களில் உள்ள வெள்ளெலியும் அதே இனமே. மனிதரின் நோய்களை ஆராய்வதற்காக இலட்சக்கணக்கான எலிகள் தம் உயிரைக் கொடுத்திருக்கின்றன. எலியின் உடலைப் பற்றியும் அதற்கு வரும் நோய்களைப் பற்றியும் மருத்துவர்கள் இவ்வளவு அறிந்திருப்பதற்குக் காரணமும் அதுவே. செல்லமாக வளரும் எலி அந்த அறிவின் பயனைச் சிறிதேனும் திரும்பப் பெறுகிறது எனலாம்.

ஒரு நாள் ஒரு மாதம்

வளர்ப்பு எலியின் ஆயுள் சாதாரணமாக 2 முதல் 3 ஆண்டுகள்தாம். இரண்டு வயதைத் தாண்டிய எலி கிழ எலி. இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எலியின் ஆயுளை 30 மாதம் என்று கொண்டால், அது ஏறக்குறைய 900 நாள். மனிதனின் ஆயுளை 75 ஆண்டு என்று கொண்டால், அது 900 மாதம். அப்படியானால் எலிக்கு ஒரு நாள் என்பது நமக்கு ஒரு மாதத்துக்குச் சமம் அல்லவா?

இது கடிகாரக் கணக்கேயன்றி உடற்கூற்றுக் கணக்கு அன்று. என்றாலும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இது நமக்கு இரண்டு விதமாகப் பயன்படப் போகிறது.

கட்டி எப்படி வருகிறது?

வயதான பெண் எலிகளுக்கு அடிக்கடி வருவது பால் சுரப்பியில் தோன்றும் கட்டி. எலிக்கு ஆறு ஜோடிப் பால் காம்புகள் உண்டு. பால் சுரப்பித் தசை வயிற்றோடு நிற்காமல் கழுத்திலிருந்து தொடையிடுக்கு வரை பரவியிருக்கிறது. எனவே கட்டி அக்குளிலும் வரலாம், விலாவிலும் வரலாம், கழுத்தடியிலும் வரலாம்.

இக்கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. மற்ற உறுப்புகளுக்குப் பரவாத சாதுவான கட்டிகளே. இதைக் கேட்டு, “அப்படியானால் விட்டுவிடலாமே!” என்று நாங்களும் நினைத்தோம். தொல்லை அதன் வளர்ச்சியில் இருக்கிறது. பட்டாணியளவு இருந்தது சில வாரங்களில் நெல்லிக்காய் அளவாகி, பிறகு எலுமிச்சம்பழ அளவாகும். பெண் எலியின் எடையே 250 முதல் 350 கிராம்தான். அந்தச் சிறிய உடலின் மூன்றில் ஒரு பங்கு எடைக்குக்கூடக் கட்டி வளர்வதுண்டு. அப்போது எலியால் சரியாக நடக்க முடியாது, தன் உடலை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளவும் முடியாது. தரையில் இழுபட்டு மேல்தோல் புண்ணாகும், கிருமி சேரும்.

எலிக்கு வரும் கட்டியெல்லாம் இவ்வகை என்றும் சொல்வதற்கில்லை. சில வெறும் சீழ்க்கட்டிகளாக இருக்கும். அவற்றைக் கீறிச் சுத்தம் செய்தாலே போதும். சில, அரிதாக, உண்மையான புற்றுநோயாக இருக்கும். ஆகவே முதல் வேலை, இன்ன கட்டி என்று கால்நடை மருத்துவரிடம் காட்டித் தெரிந்துகொள்வது. அவர் தடவிப் பார்ப்பார். தேவையானால் ஊசியால் சிறிது எடுத்தும் சோதிப்பார்.

இளம் வயதிலேயே கருப்பையோடு சினைப்பைகளை எடுத்துவிட்டால் இக்கட்டிகள் வரும் வாய்ப்பு மிகவும் குறைகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆனால் கிழ எலியின் முன்னால் நிற்கும்போது அந்தக் காலம் கடந்துவிட்டிருக்கும்.

அறுவையில் உள்ள ஆபத்துகள்

எலியின் உடலில் ஓடும் இரத்தம் எவ்வளவு தெரியுமா? 300 கிராம் எடையுள்ள எலிக்கு ஏறக்குறைய 18 மில்லிதான். அதாவது நாலு தேக்கரண்டி அளவுகூட இல்லை. இரண்டு மில்லி இரத்தம் சிந்தினாலே அது பெரிய இழப்பு. கட்டி பெரிதாகப் பெரிதாக அதற்குச் செல்லும் இரத்தக் குழாய்களும் பருத்துவிடுகின்றன. சிறு கட்டியை எடுப்பது எளிது என்பதும், பெரிய கட்டியை எடுப்பது ஆபத்து என்பதும் இதனால்தான்.

அடுத்தது உடற்சூடு. சிறிய உடல் சீக்கிரம் குளிர்ந்துவிடும். மயக்கத்தில் இருக்கும் எலியால் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது. ஆகவே அறுவை மேசையில் சூட்டு விரிப்பு போட்டு, மயக்கம் தெளிந்த பிறகும் வெதுவெதுப்பாக வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது மூச்சு. வளர்ப்பு எலிகளில் பெரும்பாலானவற்றின் நுரையீரலில் மைக்கோபிளாஸ்மா என்னும் கிருமி குடியிருக்கிறது. இளமையில் அது அடங்கிக் கிடக்கும். முதுமையில் தும்மலும் இரைப்புமாக வெளிப்படும். நுரையீரல் கெட்டுப்போன எலிக்கு மயக்க மருந்து பெரிய சோதனையே. மருத்துவர் முதலில் கட்டியைப் பார்ப்பதைவிட மார்பில் குழலை வைத்துக் கேட்பதே முக்கியம் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இன்னொரு விந்தையான செய்தி. நமக்கு அறுவைச் சிகிச்சை என்றால் முதல் நாள் இரவிலிருந்தே சாப்பிடக்கூடாது என்பார்கள். வாந்தி எடுத்து அது மூச்சுக் குழலில் போய்விடலாம் என்ற பயமே காரணம். எலியால் வாந்தி எடுக்கவே முடியாது! எனவே அதை நெடுநேரம் பட்டினி போட வேண்டியதில்லை. போட்டால் சர்க்கரை குறைந்து சோர்ந்துவிடும்.

இத்தனை ஆபத்துகள் இருந்தும் மருத்துவம் முன்னேறியிருக்கிறது. ஐசோஃபுளூரேன் என்ற வாயுவால் மயக்கமூட்டினால், நிறுத்திய சில நிமிடங்களிலேயே எலி கண் விழிக்கிறது. எலி தையலைப் பல்லால் கடித்து அவிழ்த்துவிடும் என்பதால், நூல் வெளியே தெரியாமல் தோலுக்கடியிலேயே தைக்கிறார்கள். வலியைத் தணிக்கவும் நல்ல மருந்துகள் உண்டு.

எலி சொல்லும் பாஷை

“வலிக்கிறது” என்று எலி சொல்லாது. மற்றப் பிராணிகளுக்கு இரையாகும் உயிரினம் ஆதலால், நோயை மறைத்துக்கொள்வதே அதன் இயல்பு. ஆயினும் உற்றுப் பார்ப்பவர்களுக்கு அடையாளங்கள் தெரியும். கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்பாக ஒன்று கசியும். பார்ப்பவர்கள் இரத்தம் என்று பதறுவார்கள். அது இரத்தமன்று. கண்ணுக்குப் பின்னாலுள்ள ஒரு சுரப்பியில் ஊறும் நிறப்பொருள். எலி நோயிலோ பயத்திலோ வருந்தும்போது அது மிகுதியாகக் கசிகிறது.

2011இல் கனடா நாட்டு மக்கில் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் எலியின் முகத்தைக் கொண்டே வலியை அளக்கும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். கண்கள் சுருங்கியிருக்கின்றனவா, மூக்கும் கன்னமும் மேடின்றித் தட்டையாகியிருக்கின்றனவா, காதுகள் மடிந்து விலகியிருக்கின்றனவா, மீசை மயிர் விறைத்து நிற்கிறதா என்று நான்கையும் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். தாய் தன் கைக்குழந்தையின் முகத்தைப் படிப்பதைப்போல எலியின் முகத்தையும் படிக்கலாம்!

முடிவு எடுப்பது எப்படி?

இப்போது இங்கிலாந்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே ஒரு சிறுமி வளர்க்கும் பெண் எலிக்கு வயது 26 மாதம். அக்குளில் நெல்லிக்காய் அளவு கட்டி. “வேண்டுமானால் எடுத்துவிடலாம், முடிவு உங்களுடையது” என்கிறார் மருத்துவர். சிறுமி அழுகிறாள். தகப்பனார் செலவை நினைக்கிறார். தாய், “பாவம், கிழப் பிராணியை ஏன் அறுக்க வேண்டும்?” என்கிறாள். மூவர் பேச்சிலும் அன்பு உண்டு, நியாயமும் உண்டு. ஆனால் மூவரும் இன்னும் எலியைப் பார்க்கவில்லை!

அந்த வீட்டார் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை. எலி நன்றாகச் சாப்பிடுகிறதா? மூச்சு சீராக இருக்கிறதா? பின்னங்கால்களில் வலு இருக்கிறதா? கூண்டில் ஏறுகிறதா? கூப்பிட்டால் ஆவலோடு ஓடி வருகிறதா? கட்டி தோலுக்கடியில் தளர்ந்து நகர்கிறதா, அல்லது தசையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா? கட்டியை எடுத்துவிட்டால் மற்றபடி அது சுகமாக இருக்குமா?

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. கிழ எலிக்குப் பின்னங்கால்கள் செயலிழப்பதுண்டு. மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்து, முன்னங்கால்களால் உணவைப் பிடிக்க முடியாமல் போவதும் உண்டு. அக்குளில் உள்ள கட்டியை அகற்றுவதால் இவை குணமாகா. மார்பு தெளிவாக, கால்கள் உறுதியாக, பசி நன்றாக இருக்கும் எலிக்கு வயது 26 மாதமானாலும் அறுவைச் சிகிச்சை நியாயமே. வயது ஒரு நோயன்று. மாறாக இரைப்பும் மெலிவும் கால் இழுப்பும் உள்ள எலிக்கு வயது 20 மாதமேயானாலும் அது தகாது.

இங்கேதான் நாம் முன்பு போட்ட கணக்கு உதவுகிறது. அறுவைக்குப் பிறகு எலி இரண்டே மாதம் வாழ்ந்தது என்று வைத்துக்கொள்வோம். “இரண்டு மாதத்துக்கா இவ்வளவு பாடு?” என்று பிறர் கேட்பார்கள். ஒரு நாளுக்கு ஒரு மாதம் என்றால், 60 நாள் நமக்கு ஐந்து ஆண்டு! வலியின்றி ஓடியாடும் ஐந்து ஆண்டுகளை யார் அற்பம் என்பார்கள்?

ஆனால் அந்தக் கணக்கு மறுபக்கமும் வெட்டும். அறுவைக்குப்பின் மூன்று நாள் வலியோடு கிடந்தால் அது மூன்று மாத வேதனை. புண் ஆறப் பத்து நாள் சென்றால் அது பத்து மாதம். பால் சுரப்பித் தசை உடலெங்கும் பரவியிருப்பதால் சில வாரங்களில் வேறோர் இடத்தில் புதிய கட்டி கிளம்பவும் கூடும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று அறுத்துக்கொண்டே போனால், எஞ்சிய ஆயுள் முழுவதும் புண் ஆற்றுவதிலேயே கழிந்துவிடும். வாங்கும் நாட்கள் எத்தனை, அவற்றுக்குக் கொடுக்கும் நாட்கள் எத்தனை என்று இரண்டு தட்டிலும் வைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. “இரண்டு வாரம் பார்ப்போம்” என்று தள்ளிப்போடுகிறார்களே, அதுவும் எலிக்கு 14 மாதம். அதற்குள் கட்டி இருமடங்காகலாம். எளிதாக எடுக்கக் கூடியதாக இருந்தது எடுக்கவே முடியாததாகிவிடலாம். ஆகவே, காத்திருப்பதும் ஒரு முடிவே. முடிவெடுக்கப் பயந்து காத்திருப்பது வேறு, எலியின் நிலையை நாள்தோறும் கவனித்துக் காத்திருப்பது வேறு.

அமெரிக்காவில் கால்நடைப் புற்றுநோய் மருத்துவரான ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற பெண்மணி, நோயுற்ற செல்லப் பிராணிகளின் வாழ்வு எப்படி இருக்கிறது என்று அளக்க ஏழு அம்சங்களைத் தொகுத்துத் தந்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுதியாக உள்ளனவா என்பது ஆகியவையே அவை. நாய் பூனைகளுக்காக எழுந்த இம்முறையை எலிக்கும் பொருத்திப் பார்க்கலாம். நாட்காட்டியில் நல்ல நாளுக்கு ஒரு குறியும் கெட்ட நாளுக்கு வேறொரு குறியும் இட்டு வந்தால், நம் மனம் மறைப்பதை நாட்காட்டி மறைக்காது.

பணம் என்னும் கேள்வி

இதைப் பேசக் கூச்சப்படத் தேவையில்லை. இங்கிலாந்தில் மனிதருக்கு அரசாங்க மருத்துவமனையில் இலவசச் சிகிச்சை உண்டு. பிராணிகளுக்கு அது கிடையாது. வளர்ப்பவரே செலவு செய்ய வேண்டும். எலியின் விலையைப்போல் அறுவைச் செலவு பல மடங்கு ஆகும். ஏழைகளின் பிராணிகளுக்கு உதவ மரியா டிக்கின் அம்மையார் 1917இல் லண்டனில் தொடங்கிய தரும சிகிச்சை நிலையம் இன்று பல ஊர்களில் கிளை விட்டிருக்கிறது. ஆயினும் எல்லோருக்கும் எங்கும் உதவி கிட்டுவதில்லை.

வீட்டில் குழந்தைகளின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் போதாதபோது, எலியின் அறுவைக்குக் கடன் வாங்காத தகப்பனாரை நாம் கல்நெஞ்சர் என்று சொல்லக் கூடாது. அதே சமயம், “பணம் இல்லை” என்பதோடு கடமை தீர்ந்துவிடுவதுமில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிராணி வளர்ப்பவர் அதை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காக்கக் கடமைப்பட்டவர். அறுவை செய்ய இயலாவிட்டாலும் வலி மருந்து தரலாம். வேதனை நீளாதபடி பார்த்துக்கொள்ளலாம். இவை எலி வளர்க்கும் எந்த வீட்டாருக்கும் உரிய கடமை.

வேண்டாம் என்று முடிவானால்

அறுவை வேண்டாம் என்றால் கைவிட்டுவிட்டோம் என்று பொருளல்ல. செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. கூண்டின் மேல்தட்டுகளை இறக்கி வைத்து, ஏறும் சிரமத்தைக் குறைக்கலாம். மரத்தூளை எடுத்துவிட்டு மெத்தென்ற துணியை விரிக்கலாம். கஞ்சிபோல் குழைந்த உணவைக் கிண்ணத்தில் கைக்கெட்டும் இடத்தில் வைக்கலாம். தன்னால் எட்டாத இடத்தை ஈரத் துணியால் துடைத்துவிடலாம். எலி கூட்டமாக வாழும் பிராணி. ஆதலால் அதன் தோழியைப் பிரிக்காமல் பக்கத்திலேயே விடுவதும் ஒரு மருந்தே.

கெட்ட நாட்கள் மிகுந்து, உணவை மறுத்து, முகம் சுருங்கிக் கிடக்கும்போது, மருத்துவர் மருந்து கொடுத்து வேதனையின்றி அதன் உயிரை முடிக்கிறார். மனித உயிரைப் பற்றிய பேச்சு முற்றிலும் வேறு. அதை இதனோடு சேர்க்கக் கூடாது. தன் வேதனைக்குப் பொருள் காண முடியாத பிராணியை, நாம் பிரிய மனமில்லை என்பதற்காகவே துன்பத்தில் நீட்டி வைப்பது அன்பாகாது.

அந்த வீட்டுச் சிறுமிக்கு உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது. “தூங்கப் போகிறது” என்று சொல்லி ஏமாற்றினால், நாளைக்கு அவள் தூங்கவே பயப்படுவாள். அறுவைக்கு அனுப்பும்போதும், மேசையிலேயே உயிர் போகக்கூடும் என்பதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். அப்படி நேர்ந்தால் தவறான முடிவு எடுத்துவிட்டோம் என்று வருந்த வேண்டியதில்லை. தெரிந்ததை வைத்து, பிராணியின் நலனையே எண்ணி எடுத்த முடிவு, பலன் கெட்டாலும் நல்ல முடிவே.

அன்புத் தோழியரே! நாம் யாரும் எலி வளர்க்கப் போவதில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் நம் வீட்டுத் திண்ணையில் கிழ நாய் படுத்திருக்கிறது. கொல்லையில் கால் ஒடிந்த ஆடு நிற்கிறது. அவற்றுக்காகவும் ஒரு நாள் யாரோ முடிவெடுக்க வேண்டியிருக்கும். அன்று நம் கண்ணீரையோ நம் பணப்பையையோ முதலில் பார்க்காமல், அந்தப் பிராணியின் முகத்தை முதலில் பார்ப்போம். நாலு தேக்கரண்டி இரத்தம்கூட இல்லாத ஒரு சிற்றுயிர் எங்களுக்குக் கற்றுத் தந்த பாடம் இதுவே.